கொரியன் சிக்கன்: பொரிக்காமல் ஓவனில் சுட்டால் மட்டும் போதுமா?

ஆப்பைத் திறந்து ஆர்டர் போட்டு, அரை மணி நேரத்தில் கொரியன் சிக்கன் பார்சலை வாசலில் வாங்கிக்கொள்வது சென்னை, பெங்களூரு பழக்கம். அதே ஆள் பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தால் கதை வேறு. அந்த ஊர் சிவகங்கை மாவட்டத்து நெற்குப்பை என்று வைத்துக்கொள்வோம். திருப்பத்தூர் தாலுகாவில், பொன்னமராவதிப் பக்கம் இருக்கும் பேரூராட்சி. உலகம் சுற்றிய பயண எழுத்தாளர் சோமலெ பிறந்த செட்டிநாட்டு ஊர். இங்கே கொரியன் சிக்கன் சாப்பிட வேண்டும் என்றால் வீட்டு அடுப்படியில்தான் வழி தேட வேண்டும்.

வீட்டில் அப்பத்தாவுக்கு சுகர், ஐயாவுக்கு பிரஷர். "பொரிச்சாத்தானே கெடுதல்? ஓவன்ல சுட்டுடலாம் அப்பத்தா" என்பாள் பேத்தி. "எண்ணெய் இல்லாம கோழி எங்க ஆத்தா மொறுமொறுன்னு வரும்?" என்று அப்பத்தா கேட்பார்.

அப்பத்தாவின் சந்தேகத்துக்குப் பதில் சுலபம்: வரும், எப்படி என்பதைக் கீழே பார்க்கலாம். பேத்தியின் நம்பிக்கைதான் கொஞ்சம் சிக்கலானது. பொரிக்காமல் சுட்டால் லாபம் உண்டு. ஆனால் பலர் நினைக்கும் இடத்தில் அந்த லாபம் இல்லை.

கொரியாவிலேயே சுட்டதுதான் சீனியர்

ஓவன் சிக்கன் என்றாலே 'டயட்காரர்களுக்கான டூப்ளிகேட்' என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. கொரியாவின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

சியோல் நகரின் மியாங்டாங் பகுதியில் 1960-ல் ஒரு கடை திறந்தது. முழுக் கோழியைக் கம்பியில் குத்தி, மின்சார அடுப்பில் சுழலவிட்டுச் சுட்டுத் தருவார்கள். கடையின் பெயர் 'யாங்யாங் சென்டர்'. தமிழில் சொன்னால் 'சத்துணவு மையம்'! போருக்குப் பிந்தைய வறுமையில் முழுக் கோழி என்பதே பெரிய விஷயம். அதனால் அந்தப் பெயர் அப்போது யாருக்கும் வேடிக்கையாகத் தோன்றியிருக்காது.

பொரித்த கோழி அதற்குப் பிறகுதான் பரவியது. காரணம் ரொம்பச் சாதாரணமானது: கோழி மூழ்கும் அளவுக்கு எண்ணெய் வாங்க வசதியில்லை. 1970-களில் சோயா எண்ணெய் உள்நாட்டிலேயே பெரிய அளவில் தயாராக ஆரம்பித்த பிறகுதான் எண்ணெய்ச் சட்டி வியாபாரம் சூடுபிடித்தது. 1977-ல் சியோலின் ஷின்செகே டிபார்ட்மென்ட் ஸ்டோரில் 'லிம்ஸ் சிக்கன்' வந்தது. 1980-ஐ ஒட்டி டேகு நகரில் யூன் ஜாங்-கே என்பவர், ஆறினால் பொரித்த கோழி வறண்டுபோகிறதே என்று இனிப்பும் காரமும் கலந்த சிவப்பு சாஸில் புரட்டிக் கொடுத்துப் பார்த்தார். இன்று உலகமே 'கொரியன் ஃபிரைடு சிக்கன்' என்று சொல்லும் 'யாங்நியம்' வகை அப்படிப் பிறந்ததுதான். கே.எஃப்.சி. சியோலுக்கு வந்தது 1984-ல். 2019-ல் கே.பி. நிதிக் குழுமம் வெளியிட்ட அறிக்கைப்படி, தென்கொரியாவில் மட்டும் சுமார் 87,000 சிக்கன் கடைகள்!

அந்தக் கூட்டத்துக்கு நடுவே, 2005-ல் 'கூப்னே' என்ற நிறுவனம் எண்ணெய்ச் சட்டியே இல்லாமல், ஓவனில் மட்டும் சுட்டு விற்கத் தொடங்கியது. 'கூப்' என்றால் கொரிய மொழியில் சுடுவது. இப்போது ஹாங்காங், மலேசியா வரை கிளைகள். அதாவது, ஓவனில் சுட்ட கொரியன் சிக்கன் என்பது இன்ஸ்டாகிராமில் யாரோ கண்டுபிடித்த குறுக்குவழி இல்லை. அங்கே அதற்கென்று தனி ரசிகர்கள் இருக்கிறார்கள்.

நம்மூர்க் கதையும் கிட்டத்தட்ட இதேதான். செட்டிநாட்டு வீடுகளின் கோழி வறுவலும் சுக்காவும் சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மசாலாவோடு பிரட்டி, தண்ணீர் வற்ற வற்ற வறுத்தெடுப்பவை. எண்ணெயில் முங்கிப் பொரித்த 'சிக்கன் 65' சென்னை மவுன்ட் ரோடு புகாரி ஹோட்டலில் 1965-ல் அறிமுகமானதாகச் சொல்லப்படுகிறது. கோழியை முங்கப் பொரிப்பது நமக்கும் பிந்தி வந்த பழக்கம்தான்.

சரி, எவ்வளவு மிச்சம்?

அமெரிக்க விவசாயத் துறையின் ஊட்டச்சத்துப் பட்டியலைப் பார்ப்போம். மாவில் தோய்த்துப் பொரித்த, தோலோடு கூடிய நெஞ்சுக்கறி 100 கிராமில் 260 கலோரி, 13 கிராம் கொழுப்பு. அதே நெஞ்சுக்கறியைத் தோலோடு ஓவனில் சுட்டால் 197 கலோரி, சுமார் 8 கிராம் கொழுப்பு. தோலை எடுத்துவிட்டுச் சுட்டால் 165 கலோரி, கொழுப்பு 4 கிராமுக்கும் கீழே.

நல்ல வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் கொரியன் சிக்கனுக்கு யாரும் நெஞ்சுக்கறி கேட்பதில்லை. லெக் பீஸும் விங்ஸும்தான் ஹீரோ. அங்கே கணக்கு மாறுகிறது. தொடைக்கறியை மாவில் தோய்த்துப் பொரித்தால் 277 கலோரி, 16.5 கிராம் கொழுப்பு. தோலோடு ஓவனில் சுட்டால்? 250 கலோரியை ஒட்டி, 15 கிராம் கொழுப்பு. வித்தியாசம் ஒன்றிரண்டு கிராம்தான். இவை அமெரிக்க பாணி மாவுப் பூச்சுக்கான எண்கள். கொரிய பாணியில் மாவு மெல்லிசு, ஆனால் பெரும்பாலும் இரண்டு தடவை பொரிப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் தோல் இருக்கும் வரை தொடைக்கறியில் ஓவனால் பெரிய மாயம் எதுவும் நடக்காது. கொழுப்பு எண்ணெயில் மட்டும் இல்லை, கோழியின் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது.

இதில் நமக்கு ஒரு சாதகம் உண்டு. நாட்டுக்கோழியை மஞ்சள் தடவி, தீயில் வாட்டி, தோலோடு சமைப்பது பழக்கம். ஆனால் பிராய்லர் கடையில் பலரும் கேட்பது தோல் உரித்த கறி. அந்தத் தோல் உரித்த பிராய்லரைத்தான் ஓவனில் வைக்கப்போகிறோம் என்றால், கொழுப்புக் கணக்கு உண்மையிலேயே இறங்கும். ஒரே இழப்பு, மொறுமொறுப்புக்குத் தோல் இல்லாமல் வேறு வழி தேட வேண்டும்.

பெரிய லாபம் சட்டியில் மிஞ்சும் எண்ணெயில்

கலோரியை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடும் விஷயம் இது. ஒரு கிலோ கோழியை முங்கப் பொரிக்க வீட்டுச் சட்டிக்கு ஒரு லிட்டர் எண்ணெயாவது வேண்டும். கொரிய பாணி என்றால் இரண்டு தடவை பொரிக்க வேண்டும். பொரித்து முடித்ததும் சட்டியில் முக்கால்வாசிக்கு மேல் அப்படியே நிற்கும். அதை யார் கொட்டுவார்கள், விற்கிற விலைக்கு? வடிகட்டி வைத்து, மறுநாள் அப்பளம், அதற்கடுத்த நாள் குழம்புத் தாளிப்பு. பேத்தி ஊருக்குக் கிளம்பிப் போன பிறகும் அப்பத்தாவும் ஐயாவும் அந்த எண்ணெயைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது உடைந்து வேறு வேறு சேர்மங்களாக மாறுகிறது. இவற்றின் மொத்த அளவை 'டோட்டல் போலார் காம்பவுண்ட்ஸ்' என்கிறார்கள். அது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தியது. கடைகளுக்குச் சோதிக்கும் கருவி இருக்கிறது. வீட்டு அடுப்படியில் கண்ணும் மூக்கும்தான். நிறம் கறுத்து, கெட்டியாகி, சீக்கிரம் புகைய ஆரம்பித்தால் அதன் ஆயுசு முடிந்தது என்று அர்த்தம்.

பொரித்த கோழியை அடிக்கடி சாப்பிடுவதைப் பற்றி ஒரு பெரிய ஆய்வும் உண்டு. அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையிலான ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த அந்த ஆய்வு 2019-ல் 'பி.எம்.ஜே.' இதழில் வந்தது. வாரத்துக்கு ஒரு தடவையாவது பொரித்த கோழி சாப்பிட்டவர்களிடம், சாப்பிடாதவர்களைவிட இறப்பு ஆபத்து 13 சதவீதம் கூடுதலாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, கோழிதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. அந்தப் பெண்கள் வேறு என்ன சாப்பிட்டார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பதும் சேர்ந்துதான் இருக்கும். பொங்கலுக்கு ஒரு தடவை பொரித்துச் சாப்பிடுவதைப் பார்த்துப் பயப்பட இதில் ஒன்றும் இல்லை. வாரா வாரம் ஆர்டர் போடுகிறவர் கொஞ்சம் யோசிக்கலாம்.

வில்லன் சிவப்பு சாஸ்

இப்போது விஷயத்துக்கு வருவோம். கொரியன் சிக்கனின் உயிர் 'கோச்சுஜாங்'. மிளகாய்ப் பொடி, ஒட்டும் தன்மையுள்ள அரிசி, புளிக்கவைத்த சோயா, முளைகட்டிய பார்லி, உப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பல மாதம் ஊறவைக்கும் விழுது. கடையில் கிடைக்கும் டப்பாக்களில் சிரப்பும் சேர்ந்திருக்கும். (செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒட்டும் அரிசி புதிது இல்லை. பர்மாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் கவுனி அரிசியும் அந்தக் குடும்பம்தான். மிளகாயும்கூட இரண்டு நாட்டுக்குமே கடல் கடந்து வந்த விருந்தாளி.)

கோழியை எண்ணெயில் போட்டாலும் ஓவனில் வைத்தாலும் இந்த சாஸ் மாறுவதில்லை. வீடியோ ரெசிப்பிகளில் ஒரு கிலோ கோழிக்கு நாலு டேபிள்ஸ்பூன் தேனோ சிரப்போ சர்வ சாதாரணமாகப் போகிறது. ஒரு டேபிள்ஸ்பூன் தேனில் 17 கிராம் சர்க்கரை. நாலு ஸ்பூனுக்கு 68 கிராம். நாலு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 17 கிராம். கோச்சுஜாங்குக்குள் இருப்பது தனி. வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேனும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. 'நான் கருப்பட்டிதான் போடுறேன்' என்பதும் தப்பிக்கும் வழி கிடையாது.

உப்பு இன்னும் மோசம். ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம். ஒரு நாளைக்கான வரம்பே 2,000 மில்லிகிராம்தான். ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவான உப்புக்குச் சமம். கோழியில் தடவும் உப்பு, கோச்சுஜாங்கின் உப்பு, சோயா சாஸ் மூன்றும் சேர்ந்தால் ஒரு பிளேட்டிலேயே பாதி நாள் கோட்டா காலி.

இந்தக் கணக்கு நம்மூரில் ஏன் முக்கியம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 'இன்டியாப்' ஆய்வு முடிவுகள் 2023-ல் 'லான்செட் டயாபடீஸ் அண்ட் எண்டோகிரைனாலஜி' இதழில் வெளியாகின. அதன்படி நாட்டில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். ரத்த அழுத்தம் நாடு முழுவதும் 35.5 சதவீதம் பேருக்கு. நாலு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜையில் யாரோ ஒருவருக்கு இந்த இரண்டில் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுப்படியில் என்ன செய்யலாம்?

முதலில் கறிக்கடையில் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாமல் விட்டால் குழம்புக்கு வெட்டுவதுபோலச் சின்னச் சின்னதாக வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஓவனில் அது காய்ந்துபோகும். "கறி கட் வேணாம்ண்ணே, லெக் பீஸ் முழுசா, விங்ஸ் தனியா" என்று கேட்டு வாங்குங்கள்.

மொறுமொறுப்பின் எதிரி ஈரம். எண்ணெய் 175 டிகிரி செல்சியஸில் கறியை முழுதாகச் சூழ்ந்து, மேலே இருக்கும் தண்ணீரைச் சட்டென்று விரட்டிவிடும். ஓவனில் அந்த வேலையைச் செய்வது சூடான காற்று. அதற்கு வேகம் குறைவு. அதனால் தண்ணீரை நாம் முன்கூட்டியே வெளியேற்றிவிட வேண்டும். துண்டுகளைத் துணியாலோ டிஷ்யூவாலோ ஒற்றி எடுத்து, ஒரு கிலோவுக்கு அரை டீஸ்பூன் உப்பும் இஞ்சி பூண்டு விழுதும் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் நாலைந்து மணி நேரம் வையுங்கள். ஃபிரிட்ஜின் குளிர்ந்த காற்றே மேல்பரப்பைக் காயவைத்துவிடும். மற்ற சாமான்கள் மூடியிருக்கட்டும், பச்சைக் கறிச் சாறு எதிலும் சொட்டக் கூடாது.

தோலோடு இருக்கும் கறி என்றால், இணையத்தில் எல்லோரும் சொல்லும் தந்திரம் பேக்கிங் பவுடர்: ஒரு கிலோவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன். ஆப்பச் சோடா இல்லை, பேக்கிங் பவுடர். மாற்றிப் போட்டால் கசந்துவிடும். தோலின் மேல் குட்டிக் குட்டிக் குமிழ்கள் எழும்பி, கண்ணாடிபோல மொறுமொறுக்கும். ஆனால் அந்த ஒரு ஸ்பூனிலேயே ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது என்பதை ரெசிப்பி வீடியோக்கள் சொல்வதில்லை. பிரஷர் இருப்பவர் வீட்டில் இது வேண்டாம்.

தோல் உரித்த கறிக்கும், பிரஷர் உள்ள வீட்டுக்கும் கார்ன்ஃபிளார் போதும். மூன்று டேபிள்ஸ்பூன் மாவைத் தூவிப் புரட்டி, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயைக் கையால் தடவுங்கள். 'ஓவன்னா எண்ணெயே கூடாது' என்று இதையும் தவிர்த்தால் வெள்ளை வெள்ளையாக மாவு பூத்து நிற்கும். ஒரு லிட்டருக்குப் பதில் ஒரு ஸ்பூன் என்பதே போதுமான வெற்றி.

ஓ.டி.ஜி.யை 220 டிகிரியில் 15 நிமிடம் சூடாக்கிவிட்டு, துண்டுகளைத் தட்டில் வைக்காமல் கம்பி வலையின் மேல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். கீழே சொட்டும் கொழுப்பைப் பிடிக்க ஒரு தட்டு. தட்டிலேயே நேராக வைத்தால் அதன் சாற்றிலேயே கோழி வெந்து, அவித்ததுபோல ஆகிவிடும். அப்பத்தா சொன்னது சரியாகிவிடும். 40 முதல் 45 நிமிடம், நடுவில் ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். எலும்பை ஒட்டிய கறி 74 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால், தடிமனான இடத்தில் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது, சாறு தெளிவாக வர வேண்டும்.

சாஸை முதலிலேயே தடவி வைப்பதுதான் பலரும் செய்வது. 220 டிகிரியில் சர்க்கரை கருகிக் கசந்துவிடும். கடைசி ஐந்து நிமிடத்தில் மெல்லிசாகத் தடவி, மறுபடி உள்ளே வைத்து எடுத்தால் போதும். இரண்டு டேபிள்ஸ்பூன் கோச்சுஜாங், ஒரு டேபிள்ஸ்பூன் தேன், ஒரு டீஸ்பூன் மட்டும் சோயா சாஸ், நாலு பல் பூண்டு, இரண்டு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் வெந்நீர். தேன் குறைந்ததை எலுமிச்சையின் புளிப்பு ஈடுகட்டும். கொரியர்கள் வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெய் சேர்ப்பார்கள். நம் நல்லெண்ணெயில் அந்த வாசம் வராது. எள்ளைச் சிவக்க வறுத்து மேலே தூவினால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

கோச்சுஜாங் கிடைக்கவில்லையா? 1990-களின் கடைசியில் ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்த பிறகு, கூடவே வந்த கொரியக் குடும்பங்களால் சென்னையில் கொரிய மளிகை கிடைக்க ஆரம்பித்தது. ஊர்ப்பக்கம் ஆன்லைன்தான் கதி. அதுவும் இல்லாவிட்டால் காஷ்மீரி மிளகாயை ஊறவைத்து, இரண்டு ஸ்பூன் குழைந்த சாதமும் பூண்டும் சேர்த்து அரைத்துக்கொள்ளலாம். அசல் சுவை வராது, நிறமும் பதமும் வரும். பக்கத்து ராமநாதபுரத்து முண்டு மிளகாய் வாசமானதுதான். ஆனால் கொரிய மிளகாயைவிடக் காரம் தூக்கல் என்பதால் பாதிக்குமேல் போட வேண்டாம்.

கரண்டும் கருவியும்

வீட்டு ஓ.டி.ஜி.கள் பெரும்பாலும் 1,500 முதல் 2,000 வாட்ஸ் இழுப்பவை. ஒரு தடவை கோழி சுட ஒன்று முதல் ஒன்றரை யூனிட் வரை ஆகும். அதைவிட முக்கியம் பிளக். பழைய வீடுகளில் ஃபேனுக்கும் லைட்டுக்கும் போட்ட வயரிங்கில் இதைச் செருகக் கூடாது. 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு ஓட்டுவது ஆபத்து.

ஏர் ஃபிரையர் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். பெயரில்தான் ஃபிரையர், உள்ளே இருப்பது காற்றை வேகமாகச் சுழற்றும் குட்டி ஓவன்தான். 200 டிகிரியில் 22 முதல் 25 நிமிடம். ஆனால் நாலு லிட்டர் கூடையில் அரை கிலோதான் கொள்ளும். குடும்பமே காத்திருந்தால் இரண்டு மூன்று ஈடு போட வேண்டிவரும்.

இரண்டுமே இல்லாத வீட்டில் இரும்பு தோசைக்கல் இருக்கிறதே! கறியை மூடி போட்ட சட்டியில் அதன் சாற்றிலேயே வேகவைத்து, தண்ணீர் வற்றியதும் கல்லில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு நாலாபுறமும் சிவக்கவிட்டு, கடைசியில் சாஸ் தடவலாம். சுக்காவின் கொரிய ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லிக்கொள்ளலாம்.

சுகர், பிரஷர் உள்ளவர்களின் துண்டுகளை சாஸ் தடவும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். மிளகு, சோம்பு, கல்பாசியை வறுத்துப் பொடித்துத் தூவி, எலுமிச்சை பிழிந்து கொடுத்தால் அவர்களுக்கும் குறை தெரியாது. சிவப்பு சாஸைத் தனிக் கிண்ணத்தில் நடுவில் வைத்தால், தொட்டுக்கொள்ளும் அளவை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். நகரத்தில் ஆர்டர் போடும்போதும் 'சாஸ் தனியா' என்று குறிப்பு போட்டுப் பாருங்கள். ஒரு பார்சலோடு வரும் சாஸ் எவ்வளவு என்பதை அப்போதுதான் கண்ணால் பார்ப்பீர்கள்.